தில்லியின் திட்டம் கஞ்சிக்கோட்டை எட்டுமா?

புது தில்லி: மண வாழ்க்கையில் பிணங்கிய தம்பதியருக்கு இணக்கம் காண முயல வேண்டும் என 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் கூறுகிறது. ஆனால், வழக்கு தொடுத்த பிறகே அவர்கள் நீதிமன்ற ஆலோசகரைச் சந்திக்கின்றனர். அதற்குள் உறவு பெரும்பாலும் கசந்து போயிருக்கும்.

எனவே, முன்கூட்டியே ஆலோசனை வழங்கும் யோசனை வலுப்பெற்றுள்ளது. தேசிய மகளிர் ஆணையம் 2025-இல் "தேரே மேரே சப்னே" என்ற பெயரில் திருமணத்துக்கு முந்தைய ஆலோசனை மையங்களைத் தொடங்கியது. கேரளத்தில் இது புதிதல்ல; அங்கு கத்தோலிக்க மறைமாவட்டங்கள் மணமக்களுக்கு நெடுங்காலமாகப் பயிற்சி வகுப்பு நடத்துகின்றன. அனைவருக்கும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என மாநில மகளிர் ஆணையம் வலியுறுத்தி வருகிறது.

ஆனால், கட்டாயம் என்பது சான்றிதழோடு முடிந்துவிடக் கூடாது. வாளையாறை அடுத்துள்ள கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையை எடுத்துக்கொள்வோம். தமிழர்களும் வட மாநிலத்தவரும் மலையாளிகளுடன் சேர்ந்து உழைக்கும் இடம் அது. ஷிப்ட் வேலை, கடன், குடிப்பழக்கம் ஆகியவை வீட்டுச் சண்டைக்கு வித்திடும் சூழலில், மலையாளத்தில் மட்டும் பகல் நேரத்தில் நடக்கும் வகுப்பு யாருக்குப் பயன்படும்? இடுக்கியின் தேயிலைத் தோட்டத் தமிழர்களுக்கும் இக்கேள்வி பொருந்தும்.

அமெரிக்க அனுபவமும் எச்சரிக்கை தருகிறது. அங்கு குறைந்த வருவாய் உள்ள இணையருக்காக எட்டு இடங்களில் அரசு நிதியில் நடத்தப்பட்ட உறவுப் பயிற்சித் திட்டம், மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஆராயப்பட்டபோது, அவர்கள் சேர்ந்து வாழும் வாய்ப்பை அது அதிகரிக்கவில்லை எனத் தெரியவந்தது. வறுமையை வகுப்பு மாற்றிவிடாது.

இதைவிட முக்கியமானது, பிணக்கையும் வன்முறையையும் பிரித்தறிவது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் கணவரின் வன்முறைக்கு ஆளானோர் நாட்டில் 29.3 சதவீதம், தமிழகத்தில் 38.1 சதவீதம். அடித்ததற்கு நியாயம் கற்பிக்க ஆலோசனையில் இடமில்லை என 2006-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்பு விதிகள் தெளிவாகக் கூறுகின்றன. ஆயினும், "பொறுத்துப் போ" என்று பெண்ணைத் திருப்பி அனுப்புவதே பல இடங்களில் சமரசம் எனப்படுகிறது.

கேரளத்தில் இதற்கான அடித்தளம் உள்ளது. குடும்பஸ்ரீயின் "சினேகிதா" மையங்கள் ஆலோசனையுடன் பெண்களுக்குத் தற்காலிகப் புகலிடமும் அளிக்கின்றன. அவற்றில் தமிழ், ஹிந்தி அறிந்த ஆலோசகர்களை நியமித்து, ஷிப்ட் முடியும் நேரத்திலும் திறந்து வைப்பதே முதல் தேவை. கட்டாயச் சட்டம் அதற்குப் பிறகு வரலாம்.