எந்த எல்லை வழியாகப் போகலாம்? உடம்பைக் கேளுங்கள்!

லீவு விட்டால் போதும், நம் நெல்லைச் சீமையில் பாதிக் குடும்பங்களின் வண்டி மேற்கே திரும்பிவிடும். திருவனந்தபுரம், குருவாயூர், ஆலப்புழை, தேக்கடி, மூணாறு... ஒரு வேன் பேசி, பாட்டி முதல் பேரன் வரை பதினான்கு பேர் ஏறி, அடுப்பும் அரிசிச் சாக்கும் ஏற்றிப் புறப்படுவது நமக்குப் பழகிப்போன சந்தோஷம். இப்போது கேரவன் ஆசையும் சேர்ந்துவிட்டது. 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு திட்டத்தை அறிவித்தது. படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே என்றதும், "நாமளும் ஒரு தடவை போய்ப் பாப்போமே" என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி வீட்டில் நடக்கிற விவாதத்தைக் கவனித்திருக்கிறீர்களா?

"புளியரை வழியாப் போனா கிட்டக்க."

"வேண்டாம்ப்பா, களியக்காவிளைதான் நல்ல ரோடு."

"குமுளி வழியாப் போனா தேக்கடியும் பாத்துரலாம்லா?"

கிலோமீட்டர் பேசப்படும், டீசல் பேசப்படும், டோல்கேட் பேசப்படும். யாருடைய உடம்பு எந்த ரோட்டைத் தாங்கும் என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. போய்விட்டு வந்த மறுவாரம் நீர்க்கடுப்பு, கால் வீக்கம், மலச்சிக்கல், முதுகுவலி என்று வைத்தியரிடம் வந்து நிற்கிறவர்கள் பெரும்பாலும் பெண்களும் வயதானவர்களும்தான். அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லையைத் தேர்ந்தெடுக்கும்போது வண்டியின் வேகத்தைப் பார்க்காதீர்கள். வண்டியில் ஏறுகிறவர்களில் யார் உடம்பு ரொம்பத் தளர்ந்ததோ, அவர் உடம்பைப் பாருங்கள்.

பதினான்கு வேகங்கள்

சித்த மருத்துவத்தில் 'வேகம்' என்றால் ஓட்டம் அல்ல. உடம்பு தானாக வெளிப்படுத்தும் உந்துதல்களுக்கு அந்தப் பெயர். இவை பதினான்கு. சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், வாந்தி, இருமல், தும்மல், கொட்டாவி எல்லாம் அதில் அடக்கம். இவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் நோய் வரும் என்பது நம் முன்னோர் வகுத்த விதி.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வேன் பயணத்தை யோசித்துப் பாருங்கள். கழிப்பறை கிடைக்காது என்று அம்மா காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. அங்கே தாகம் அடக்கப்படுகிறது. மருமகள் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கிறாள். அங்கே சிறுநீர். தாத்தாவுக்குக் காலைக்கடன் முடியுமுன்பே "நாலு மணிக்கு வண்டி வந்துரும்" என்று அவசரம். டிரைவருக்கோ தூக்கம். ஒரே நாளில் நாலு வேகங்களை அடக்கிவிட்டு, அதற்கு உல்லாசப் பயணம் என்று பெயர் வைக்கிறோம்!

தண்ணீர் குடிக்காமல் சிறுநீரையும் அடக்கினால் நீர்ப்பாதையில் கிருமி பெருகும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். பல மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் ரத்த ஓட்டம் மந்தமாகிக் கால் வீங்கும். சிலருக்குக் காலின் ஆழ் நரம்பில் ரத்தம் உறைந்து ஆபத்தாகவும் முடியலாம். ஆங்கில மருத்துவரும் இதையேதான் சொல்வார். இதில் எங்களுக்குள் சண்டை கிடையாது.

ஆகவே, எந்த வழியில் இந்த வேகங்களை அடக்காமல் போக முடியுமோ அதுதான் உங்கள் குடும்பத்துக்கு நல்ல வழி.

மூன்று வாசல்கள்

தாமிரபரணிக் கரையில் நின்று மேற்கே பார்த்தால், "இந்த மலைக்கு அந்தப் பக்கம்தானே திருவனந்தபுரம்? பாபநாசம், காரையாறு வழியாக நேரே போக ரோடு கிடையாதா?" என்று தோன்றும். கிடையாது. பொதிகைக்குக் குறுக்கே வண்டிப்பாதை இல்லை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமும் 1,868 மீட்டர் உயர அகத்தியர் மலையும் நடுவில் நிற்கின்றன. சுற்றித்தான் போகவேண்டும்.

முதல் வாசல், தெற்கே களியக்காவிளை. நாங்குநேரி, வள்ளியூர், ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வழியாகத் திருவனந்தபுரம் சுமார் 150 கிலோமீட்டர். மலை ஏற்றமே கிடையாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் சமதளம் மாதிரிதான். நாகர்கோவில் தாண்டியதும் ஊருக்கு ஊர் ஒட்டிக்கொண்டிருக்கும். நெரிசல் உண்டு, மார்த்தாண்டத்தில் பொறுமை வேண்டும். ஆனால் ஓட்டல், பெட்ரோல் பங்க், மருந்துக்கடை, ஆஸ்பத்திரி எதுவும் தொலைவில் இல்லை. கர்ப்பிணி, இருதய நோயாளி, மூட்டுவலிக்காரர், கைக்குழந்தை இருக்கிற குடும்பத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இந்த வழியைத்தான். ஒரு விஷயம்: ஆனி, ஆடி மாதங்களில் முப்பந்தல் பக்கம் காற்று வாங்கு வாங்கென்று வாங்கும். அங்கே காற்றாலைகளை நட்டதே அதனால்தான். உயரமான வேனும் கேரவனும் காற்றில் அலையும். வண்டியின் தலைமேல் மூட்டை ஏற்றாமல் மெதுவாகப் போகவேண்டும்.

இரண்டாவது வாசல், செங்கோட்டைக்கு அப்பால் புளியரை. தென்காசி வழியாகப் போய், எஸ் வளைவில் ஏறி, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகக் கொல்லம் போகிற பாதை. கொல்லம், ஆலப்புழை, சபரிமலைப் பக்கம் போகிறவர்களுக்கு இதுதான் நேர்வழி. போகும் வழியில் பாலருவி, கழுதுருட்டியில் 13 கண் ரயில் பாலம் என்று கண்ணுக்கும் விருந்து. குமுளி, போடிமெட்டைப் போலப் பெரிய உயரமும் இல்லை. ஆனால் செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை சுமார் 50 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகும். கல், ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிய கனரக லாரிகள் இந்த ரோட்டில் வரிசையாகப் போகின்றன. அவற்றின் பின்னால் ஊர்ந்துகொண்டு, புகையைச் சுவாசித்துக்கொண்டு போகும்போதுதான் குழந்தைகளுக்கு வாந்தி வரும். ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு வரும். கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரஜோதி வரை ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வேறு. வயதானவர்களை அழைத்துக்கொண்டு அந்த மாதங்களில் இந்த வழி வேண்டாம்.

மூன்றாவது வாசல், வடக்கே தேனி மாவட்டத்தில். கம்பம் தாண்டிக் குமுளி, அல்லது போடிமெட்டு. நெல்லையிலிருந்து குமுளிக்கே 200 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். குமுளி சுமார் 900 மீட்டர் உயரம். போடிமெட்டு அதைவிட உயரம், 17 கொண்டை ஊசி வளைவுகள். தேக்கடி, மூணாறு போகவேண்டுமென்றால் வேறு வழியில்லை, போகத்தான் வேண்டும். ஆனால் நெல்லையில் காலையில் கிளம்பி அன்றைக்கே மலை ஏறிவிடவேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். தேனியிலோ கம்பத்திலோ ஒரு ராத்திரி தங்கி, காலை வெளிச்சத்தில் ஏறுங்கள். 2022 டிசம்பரில் சபரிமலையிலிருந்து திரும்பிய ஆண்டிப்பட்டிப் பக்கத்துப் பக்தர்களின் வண்டி குமுளி மலைச்சாலையில் பள்ளத்தில் விழுந்து 8 பேர் இறந்தார்கள். அது இரவு நேரம். ராத்திரியில், தெரியாத மலை ரோட்டில், களைத்த டிரைவரோடு இறங்குவதைவிட ஒரு நாள் லாட்ஜ் வாடகை மலிவு.

"லீவு நாள் போயிருமே" என்பீர்கள். போகட்டுமே!

தூக்கத்தை அடக்கும் டிரைவர்

பதினான்கு வேகங்களில் மிகவும் பயங்கரமானது டிரைவர் அடக்குகிற தூக்கம்தான். விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு தானாகத் தூக்கத்தைத் தேடும். டீயோ, வெற்றிலை பாக்கோ, பாட்டுச் சத்தமோ அதை வெல்ல முடியாது. முதல் நாள் ராத்திரி வேறு சவாரி ஓட்டிவிட்டு வந்த டிரைவரா என்று விசாரியுங்கள். "தம்பி, நேத்து எத்தனை மணிக்குப் படுத்தீங்க?" என்று கேட்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. மலை இறங்கும்போது கியரைக் குறைத்து இறங்கச் சொல்லுங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் சூடேறி, பிடிக்கவேண்டிய நேரத்தில் பிடிக்காமல் போய்விடும்.

செக்போஸ்ட்டும் ஒரு ஆரோக்கிய விஷயம்தான்

வாடகை வண்டிக்குப் பர்மிட், வரி ரசீது, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் கிளம்புமுன் வீட்டு வாசலிலேயே காட்டச் சொல்லுங்கள். காகிதம் சரியில்லாமல் செக்போஸ்ட்டில் ஒரு மணி நேரம் நின்றால், வெயிலில் வாடுவது டிரைவர் மட்டுமல்ல, உங்கள் எண்பது வயது அம்மாவும்தான். மலிவாகக் கிடைக்கிறதென்று சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் சிக்கலாகிவிடும்.

சூரணம், லேகியம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேர் எழுதாத பொட்டலத்தில் பொடியை மடித்து எடுத்துப் போகாதீர்கள். சோதனையில் அது என்னவென்று விளக்குவது கஷ்டம். லேபிளோடு டப்பாவும் வைத்தியர் சீட்டும் கையில் இருக்கட்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் கைப்பையில் இருக்கவேண்டும், வண்டிக்கு மேலே கட்டிய பெட்டியில் அல்ல. சுற்றுலா என்பதற்காக எந்த மாத்திரையையும் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

வண்டிக்குள் சமையல் வேண்டவே வேண்டாம். 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையத்தில் நின்ற சுற்றுலா ரயில் பெட்டிக்குள் கேஸ் சிலிண்டர் வைத்ததால் தீப்பிடித்து 9 பேர் உயிரிழந்ததை மறந்துவிடாதீர்கள். அடுப்பை மரத்தடியில் இறக்கிவைத்துச் சமையுங்கள். இல்லையென்றால் இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி எடுத்துப் போங்கள், மத்தியானத்துக்குப் புளியோதரை.

வாந்திக்கு என்ன வழி?

உள்காது 'ஆடுகிறோம்' என்கிறது, கண் 'சும்மா இருக்கிறோம்' என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. வாந்தி எடுக்கும் குழந்தையை முன்வரிசையில் உட்காரவைத்துத் தூரத்தில் தெரியும் மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் செல்போன் கொடுக்காதீர்கள். வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பூரியும் ஆகாது. கிளம்ப அரை மணி நேரம் முன்பு பெரியவர்களுக்கு ஒரு ஸ்பூன் இஞ்சிச்சாறு தேனோடு, குழந்தைகளுக்கு அதில் பாதி. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும். வழியில் ஏலக்காய் மெல்லலாம், எலுமிச்சம்பழம் முகரலாம். அதற்கு மேலும் வாந்தி வந்தால் அடக்காதீர்கள். வண்டியை நிறுத்துங்கள்.

எல்லை தாண்டியதும் கேரள ஓட்டல்களில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் வைப்பார்கள். பயப்படவேண்டாம். பதிமுகம் என்ற மரத்தின் கட்டையைப் போட்டுக் காய்ச்சிய நீர் அது, நன்றாகக் கொதிக்கவைத்திருந்தால் பச்சைத் தண்ணீரைவிட நல்லது. ஆனால் தேங்கிய குளங்களில் குழந்தைகளைக் குதிக்க விடாதீர்கள். 2024, 2025-ஆம் ஆண்டுகளில் மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் அமீபா நோய் கேரளத்தில் பலரைத் தாக்கியிருக்கிறது.

இன்னொரு யோசனையும் சொல்வேன். எல்லாரும் ஒரே வண்டியில்தான் போகவேண்டுமா? செங்கோட்டை - புனலூர் மலைப்பாதை 2018-ல் அகலப்பாதையாகத் திறந்துவிட்டது. நாகர்கோவில் வழியாகவும் ரயில் உண்டு. முட்டிவலிப் பாட்டியும் தாத்தாவும் துணைக்கு ஒருவரோடு ரயிலில் வரட்டும். எழுந்து நடக்கலாம், காலை நீட்டலாம், கழிப்பறை இருக்கிறது. அந்தப் பக்கம் ஸ்டேஷனில் அவர்களை வேனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, குடும்பத் தலைவர்களே, உங்களுக்குத்தான். எந்த வழி என்று முடிவு செய்கிற பேச்சு, பெரும்பாலும் உங்களுக்கும் டிரைவருக்கும் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. அடுத்த தடவை அம்மாவையும் மனைவியையும் அந்தப் பேச்சில் உட்காரவையுங்கள். "எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தணும்?" என்று அவர்களிடம் கேளுங்கள். இரண்டு மணி நேரம் என்று சொன்னால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான கழிப்பறை கிடைக்கிற ரோட்டைத் தேடுங்கள். கேட்காமலே அவர்கள் தைரியமாகத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்றால், நீங்கள் சரியான எல்லையைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.