திரையும் தறியும்

நாமக்கல் மாவட்டத்து மல்லசமுத்திரத்திலும் சேலம் மாவட்டத்து இளம்பிள்ளையிலும் விசைத்தறியின் ஓசை அன்றாட வாழ்வோடு கலந்த ஒன்று. இன்று புதிய சேலை ஒன்று உருவாக இருவகைப் பணிகள் தேவை. பூவும் கொடியும் கணினித் திரையில் வரையப்படுகின்றன. அவ்வரைவு தறியில் துணியாகின்றது. வரைவு முழுமையாக முடிந்த பின்னர் நெசவாளரிடம் கொடுத்தால் போதும் எனச் சிலர் கருதலாம். இரு பணிகளும் தொடக்கம் முதலே இணைந்து நடைபெற வேண்டும் என்பதே என் கருத்து.

ஓர் எளிய கணக்கைக் காண்போம். வரைவின் ஒவ்வொரு கட்டமும் ஒரு பாவு நூலும் ஓர் ஊடை நூலும் குறுக்கிடும் இடத்தைக் குறிக்கும். ஓர் அங்குலத்தில் 80 பாவு நூல்களும் 60 ஊடை நூல்களும் அமைந்த துணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சதுரக் கட்டங்களில் 60 கட்ட அகலமும் 60 கட்ட உயரமுமாக வரைந்த வட்டம், அத்துணியில் முக்கால் அங்குல அகலமும் ஓர் அங்குல உயரமும் கொண்ட நீள்வட்டமாகிவிடும். நூல்களின் எண்ணிக்கையை முன்னரே உள்ளிட்டால் கணினியே இதனைச் சரிசெய்யும். ஆனால், நூலின் பருமனும் இழுவிசையும் தறியில் எவ்வாறு அமையும் என்பதை அன்றாடம் கண்டறிபவர் நெசவாளரே. அவரைக் கேளாமல் வரைந்தால், துணி வெளிவந்த பின்னரே பிழை புலப்படும்.

பெருந்தொழில்களும் இதற்கு விலக்கல்ல. ஏர்பஸ் ஏ380 வானூர்தியை உருவாக்கியபோது, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலும் பிரான்சின் துலூஸ் நகரிலும் வடிவமைப்பு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகள் பயன்பட்டன. ஹாம்பர்க்கில் உருவான மின்கம்பித் தொகுதிகள் துலூஸில் பொருத்தப்பட்டபோது சரியாக அமையவில்லை. வானூர்திகளை ஒப்படைப்பது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தாமதமாயிற்று. முதல் வானூர்தி 2007 அக்டோபரில்தான் வழங்கப்பட்டது.

சோதனை நெசவுக்காகத் தறியை நிறுத்தினால் வருவாய் குறையும் என்பர். அது உண்மையே. அவ்விழப்பை நெசவாளர்மீது சுமத்துதல் முறையன்று. சோதனை நெசவுக்கும், அவர் கூறும் திருத்தத்திற்கும் கூலி வழங்குதல் வேண்டும். அந்தச் செலவு, விற்காமல் தேங்கும் சேலைகளால் நேரும் இழப்பினும் சிறிது.

பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் தறிக்கெனச் செம்மைப்படுத்திய துளையட்டை முறையையே, சார்லஸ் பாபேஜ் பின்னர்த் தம் கணிப்பொறித் திட்டத்திற்கு எடுத்துக்கொண்டார். கணினிக்கே வழிகாட்டியது தறி. ஆதலின், நாளை வடிவமைப்பாளராகவோ பொறியாளராகவோ விளங்கப்போகும் மாணவர்கள், திரையில் முதற்கோட்டை வரையும் முன் தறிக்கூடத்திற்குச் சென்று நெசவாளரின் சொல்லைக் கேட்டறிதல் நன்று.