முகாமுக்கு அனுப்பும் முன் ஒரு கேள்வி

பாடசாலை விடுமுறை நெருங்கினால் போதும். கிரிக்கட் முகாம், நீச்சல் வகுப்பு, கராத்தே, சாரணர் பாசறை என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அனுப்பத்தான் வேண்டும் சகோதரிகளே. ஓடியாடுவது பிள்ளைக்கு நல்லது. ஆனால், கட்டணம் எவ்வளவு, சாப்பாடு என்ன என்று விசாரிக்கும் நாம் ஒன்றை மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம்.

எங்கள் அயலில் ஒரு ராத்தா. பதினொரு வயது மகனை ஒரு கிரிக்கட் முகாமில் சேர்த்தார். "காப்புறுதி இருக்கிறது, பயப்படாதீங்க" என்றார்கள். மூன்றாம் நாள் பந்தைப் பிடிக்கப் பாய்ந்த பிள்ளை விழுந்து முழங்கை எலும்பு முறிந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்தான். ஆனாலும் காப்புறுதி இருக்கிறதே என்ற தைரியத்தில் தனியார் வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். சத்திரசிகிச்சை முடிந்து பில்லோடு போனால், "எங்கள் பக்கம் தவறு இருந்தால்தான் அந்தக் காப்புறுதி பணம் தரும், பிள்ளை தானாகத்தானே விழுந்தான்" என்று பதில் வந்தது. ராத்தா வளையலை விற்றுத்தான் கணக்கைத் தீர்த்தார்.

அவர்கள் சொன்னது பொய்யல்ல. அவர்களிடம் இருந்தது பொறுப்புக் காப்புறுதி. அது முகாம் நடத்துபவரைக் காப்பது. அவரது கவனக்குறைவால் விபத்து நடந்தது என்று நிரூபித்தால் மட்டுமே நட்டஈடு கிடைக்கும். நமக்கு வேண்டியது விபத்துக் காப்புறுதி. அதில் தவறு யாருடையது என்று பார்ப்பதில்லை. பிள்ளைக்குக் காயம் பட்டால் பத்திரத்தில் உள்ளபடி பணம் தரப்படும். பெயர்ப் பட்டியல் கொடுத்து, முகாம் நாட்களுக்கு மட்டும் குழுவாகவும் இதைப் பெறலாம்.

ஆகவே, "காப்புறுதி இருக்கிறதா?" என்று கேட்டால் போதாது. இப்படிக் கேளுங்கள்:

* அது பொறுப்புக் காப்புறுதியா, விபத்துக் காப்புறுதியா? பத்திரத்தின் பிரதியைப் பார்க்கலாமா?
* என் பிள்ளையின் பெயர் பட்டியலில் உண்டா?
* நீச்சல், கடற்குளிப்பு, மலையேற்றம் அடங்குமா? சில பத்திரங்கள் இவற்றை விலக்கிவிடும்.
* வைத்தியச் செலவு கிடைக்குமா, எவ்வளவு வரை? மரணத்துக்கும் நிரந்தர அங்கவீனத்துக்கும் மட்டும் பணம் தரும் பத்திரங்களும் உண்டு. முறிந்த கைக்கு அவற்றால் பயனில்லை.
* போக்குவரத்தின்போது விபத்து நடந்தால்?

பாடசாலைப் பிள்ளைகளுக்கென 2017இல் அரசாங்கம் 'சுரக்ஷா' காப்புறுதியை ஆரம்பித்தது. இடையில் நின்று, 2024இல் மீண்டும் தொடங்கியது. அது இப்போது எதற்கெல்லாம் உதவும், வெளி முகாமில் நடக்கும் விபத்துக்கும் பொருந்துமா என்பதை அதிபரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

வட்டி கலந்திருக்குமோ என்று காப்புறுதியிலிருந்தே ஒதுங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்குத் தகாபுல் வழி இருக்கிறது. பலரும் ஒரு பொது நிதியில் பங்களித்து, இழப்பு வந்தவருக்கு அதிலிருந்து உதவும் முறை அது. இலங்கையில் 1999 முதல் உள்ளது. குழு விபத்துக் காப்பை அந்த முறையில் பெற முடியுமா என்று விசாரிக்கும்படி நடத்துபவரிடம் கேட்கலாம்.

அப்படியும் விபத்து நடந்துவிட்டால், உடனே எழுத்து மூலம் அறிவியுங்கள். வைத்தியரின் குறிப்பு, எக்ஸ்ரே, மூலப் பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்த விடுமுறைக்கு அந்த ராத்தா தனியாகப் போகவில்லை. நான்கு உம்மாமாரைச் சேர்த்துக்கொண்டு போய், இதே கேள்விகளைக் கேட்டார். நடத்துபவர் முதலில் முகம் சுளித்தார். பிறகு பிள்ளைக்குச் சிறு தொகை கூட்டி, எல்லோருக்கும் விபத்துக் காப்பு எடுத்தார். மகன் இந்த முறையும் பந்துக்குப் பாய்ந்தான். உம்மாவுக்குத்தான் அவ்வளவு பதற்றமில்லை.