ஊசிக்கு முன் பெற்றோரிடம் பேசுங்கள்

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழகப் பள்ளிகளில் தொடங்கியபோது, ஊசியை முந்திக்கொண்டு வாட்ஸ்அப் வதந்தி வீடுகளுக்குப் போய்விட்டது. மிரண்டுபோன பெற்றோர் பலர் ஊசி போடும் நாளில் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பெற்றோர் மீது பழி போடுவதில் நியாயமில்லை. ஊசி எதற்கு, போட்ட பிறகு காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டியவர்கள் முதலிலேயே பேசியிருக்க வேண்டும்.

இன்னும் கடினமான பேச்சு ஒன்று காத்திருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி தடுப்பூசியை 14 வயதுச் சிறுமிகளுக்குப் போட, 2025–26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு 36 கோடி ரூபாய் அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் இந்த வைரஸ் பாலுறவு வழியே பரவுவது. அதற்கு வெகுமுன்பே ஊசி போட்டால்தான் முழுப் பயன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இது எதற்கு என்று அம்மா கேட்பார். சம்மதப் படிவத்தில் அதற்குப் பதில் இருக்காது.

பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இது பொருந்தும். சில பிள்ளைகளுக்கு வயிற்றைப் புரட்டும், மலம் கறுக்கும். முன்பே தெரிந்தால் வீட்டில் பதற்றமிருக்காது. வெறும் வயிற்றில் விழுங்கக் கூடாது, உடனே டீ குடித்தால் சத்து சரியாகச் சேராது என்பதும் வீட்டுக்குத் தெரிய வேண்டும். 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டிய மாநிலம் இது.

பேசுவதற்குப் புதிய அமைப்பு தேவையில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். சுற்றுச்சுவரும் கழிப்பறையும் பேசப்படும் அதே கூட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியரும் வந்து உட்காரட்டும். ஒரு நாள் கூலியை இழந்து யாரும் வர முடியாது என்பதால், கூட்டம் மாலையில் நடக்கட்டும்.

எந்தத் தடுப்பூசியானாலும் ஒரு மாதம் முன்னதாகவே இப்படியொரு கூட்டம் நடந்தாக வேண்டும் என்று பள்ளிக்கல்வித் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் சேர்ந்து உத்தரவிட வேண்டும்.