சிலபஸைத் தூக்கிட்டு லைப்ரரிக்குப் போங்க!

ஃப்ரெண்ட்ஸ், ஒரு சின்ன கேள்வி. உங்க காலேஜ் லைப்ரரியை உங்களுக்கு எப்போ சுத்திக் காட்டினாங்க?

அநேகமா முதல் வருஷம், முதல் வாரம். "பையை வெளியே வை, செல்லை ஆஃப் பண்ணு, லேட்டா கொடுத்தா ஃபைன்." அரை மணி நேரத்தில் முடிஞ்சது கதை. அப்போ உங்க கையில் ஒரு அசைன்மென்ட் கூடக் கிடையாது. தாகமே எடுக்காதவனுக்குத் தண்ணீர்ப் பந்தலைக் காட்டின மாதிரி!

தாகம் எடுக்கிறது கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டில். அப்போ எங்கே ஓடுவோம்? சீனியரோட பழைய ஸ்பைரல் பைண்டிங்கைத் தேடி. நானும் ஓடினவன்தான். கடைசிப் பக்கத்தில் இருந்த புத்தகப் பட்டியலை அப்படியே காப்பியடிச்சேன். வைவாவில் ஒரே கேள்வி: "இதில் மூணாவது புத்தகம் எதைப் பத்திப்பா?" அன்னைக்கு வேர்த்தது இன்னும் காயலை.

இந்தக் கோளாறுக்கு ஒரு வைத்தியம் இருக்கு. பேரு 'கரிக்குலம் மேப்பிங்'. பேருதான் மிரட்டும், விஷயம் சிம்பிள். ஒரு டிபார்ட்மென்ட்டோட சிலபஸை எடுத்து, எல்லா செமஸ்டரையும் கட்டம் போட்டு, எந்த பேப்பரில் மாணவர் தானாகத் தேடிப் படிக்க வேண்டியிருக்குன்னு லைப்ரரியன் குறிச்சு வைப்பார். செமினாரா, ஃபீல்டு ஒர்க்கா, புராஜெக்ட்டா? அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு பீரியட் வாங்கி, அந்த வேலைக்கு வேண்டியதை மட்டும் சொல்லித் தருவார். லைப்ரரியன் ஒருத்தர், டிபார்ட்மென்ட் பத்துன்னு இருக்கிற காலேஜில் இது ரொம்ப முக்கியம். எல்லா வகுப்புக்கும் அவரால் போக முடியாது. எங்கே போனால் பிரயோஜனம்னு அந்தக் கட்டம் காட்டும்.

காரைக்காலையே எடுத்துக்குவோம். சின்ன ஊர்தான். ஆனா அறிஞர் அண்ணா, அவ்வையார் அரசுக் கல்லூரிகள், செருமாவிலங்கையில் வேளாண் கல்லூரி, திருவேட்டக்குடியில் என்.ஐ.டி., ஜிப்மர் கிளைன்னு வரிசையா இருக்கு. ஒவ்வொருத்தர் கட்டமும் வேற. கடைமடை வயலில் உப்பு ஏறுவதைப் பத்தி எழுதுற வேளாண் மாணவருக்கு, வேளாண் ஆய்வேடுகள் இருக்கிற 'கிரிஷிகோஷ்' எப்படின்னு தெரியணும்.

சரித்திரம் படிக்கிற தங்கச்சிக்கு அது வேண்டாம். 'பிரெஞ்சு ஆட்சியில் காரைக்கால்'னு அவளுக்கு ஒரு செமினார்னு வச்சுக்குங்க. நெட்டில் தட்டினா 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது, 1954 நவம்பர் 1-ல் இந்திய நிர்வாகத்துக்கு வந்ததுன்னு நாலு வரி வரும். நடுவில் 215 வருஷம் எங்கே போச்சு? (அதுக்குள்ளே இங்கிலீஷ்காரர் பிடிச்சதும் விட்டதும் தனிக்கதை.) ஆனந்தரங்கப் பிள்ளையோட நாட்குறிப்பு 1736-லேயே தொடங்குது. ஊர் கை மாறின நேரத்தில் புதுச்சேரியில் உட்கார்ந்து எழுதின மனுஷர்! அதோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 12 தொகுதி, 1904 முதல் 1928 வரை வந்தது. இன்டர்நெட்டில் இலவசமாவே படிக்கலாம். அடுத்து 'சோத்கங்கா'. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் அதில் இருக்கு. ஒரு நல்ல ஆய்வேடு கிடைச்சா, அதன் கடைசிப் பக்கங்களில் இருக்கிற நூற்பட்டியலைப் பிடிச்சுக்கிட்டே இன்னும் இருபது புத்தகத்துக்குப் போகலாம். காப்பியடிக்க இல்லை, தேடிப் போக!

இதையெல்லாம் காட்ட ஒரு மணி நேரம் போதும். செமினாருக்கு முன்னாடி கிடைச்சா தங்கம். முதல் வருஷ முதல் வாரத்தில் சொன்னா, காத்தோட போச்சு.

இன்னொரு சங்கதி. 2025 ஜனவரியில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்தது. 30 பதிப்பகங்களோட சுமார் 13,000 ஆய்விதழ்கள், மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கு. மூணு வருஷத்துக்கு ஒதுக்கின தொகை 6,000 கோடி ரூபாய். உங்க காலேஜில் இதுக்குள்ளே எப்படி நுழையறதுன்னு லைப்ரரியனைக் கேட்டீங்களா?

காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்கு பஸ் ஏறினா வழியில் சீர்காழி வரும். இந்திய நூலகத் துறையின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892-ல் பிறந்த ஊர். கணக்கு வாத்தியாரா இருந்தவர் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். போன கொஞ்ச நாளிலேயே போரடிச்சுப் போய், திரும்ப வகுப்புக்கே அனுப்பிடுங்கன்னு கேட்டவர்! லண்டன் போய்ப் படிச்சு, அங்கே நூலகங்கள் நடக்கிற விதத்தைப் பார்த்த பிறகுதான் மனசு மாறினது. 1931-ல் அவர் எழுதின ஐந்து விதிகளில் ஒண்ணு, வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்தணும்கிறது. நம்ம செமஸ்டர் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான விதி உண்டா?

காலேஜ் இதைத் தானா செய்யும்னு காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க சிலபஸைப் பிரிண்ட் எடுங்க. தேடிப் படிக்க வேண்டிய இடத்தையெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போடுங்க. அஞ்சாறு வட்டம்தான் வரும். கிளாஸ் ரெப்பைக் கூட்டிக்கிட்டு முதலில் லைப்ரரியன், அப்புறம் ஹெச்.ஓ.டி. "போர்ஷனே முடியலை, இதுல இது வேறயா?"ன்னு பதில் வரலாம். நியாயம்தான். செமினார் தலைப்பு கொடுக்கிறாங்களே, அந்த ஒரு பீரியடை மட்டும் லைப்ரரியில் வச்சுக்கலாமான்னு கேளுங்க. எக்ஸ்ட்ரா பீரியட் வேண்டாம்னா மறுக்கிறது கஷ்டம்.

ஆங்... லைப்ரரியனைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடி அந்தப் பழைய ஃபைன் பாக்கியைக் கட்டிடுங்க பாஸ்!