வரி ஒன்றாகிவிட்டது, நூல் ஒன்றாகவில்லை

2025 செப்டம்பர் 3ஆம் தேதி கூடிய 56ஆவது ஜிஎஸ்டி மன்றத்தின் முடிவுகள் செப்டம்பர் 22 முதல் நடப்புக்கு வந்தன. 5401, 5508 ஆகிய ஹெச்எஸ்என் தலைப்புகளில் வரும் செயற்கை இழைத் தையல் நூலுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 5 ஆனது. 5204இல் வரும் பருத்தித் தையல் நூலுக்கு 2017 முதலே 5 சதவீதம்தான். 2017 ஜூலையில் 18, அதே ஆண்டு அக்டோபரில் 12 என்று இறங்கி வந்த பாலியஸ்டர், இப்போது பருத்தியோடு சமமாக நிற்கிறது. விலையில் ஏற்கெனவே மலிவு, வரியிலும் சமம். "இனிமேல் பருத்தி நூல் வாங்க என்ன காரணம் இருக்கிறது?" என்று வாசகர்கள் கேட்கிறார்கள்.

இதழின் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வரிக்குறைப்பு நல்லது, வரவேற்கிறோம். அதைக் காரணமாக வைத்து எந்த வேலைக்கும் நூலை மாற்றாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 5000 மீட்டர் 40/2 ஸ்பன் பாலியஸ்டர் கோன் ஒன்றின் வரிக்கு முந்தைய விலை ₹100 என்று வைத்துக்கொள்வோம். ₹112க்கு வந்தது இனி ₹105க்கு வரும். முழுக்கைச் சட்டை ஒன்றுக்குச் சேதாரம் சேர்த்து 125 மீட்டர் என்றால் ஒரு கோனில் 40 சட்டை. மிச்சமாகும் 7 ரூபாயை 40ஆல் வகுத்தால் சட்டைக்குப் பதினேழரை காசு. அக்குளில் தையல் விட்டு ஒரு சட்டை திரும்பி வந்தால், அதைப் பிரித்துத் தைக்கும் கூலி பல கோன்களின் மிச்சத்தைத் தின்றுவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

பதிவு பெற்ற யூனிட்டுகளுக்கு இந்தப் பதினேழரை காசும் இல்லை. நூலுக்குக் கட்டிய வரி அவர்களுக்கு உள்ளீட்டு வரி வரவாக ஏற்கெனவே கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. நூலை 12இல் வாங்கி உடுப்பை 5இல் விற்ற தலைகீழ் வரியில், ரீஃபண்டுக்காகக் காத்துக் கிடந்த பணம் இனி அவ்வளவு முடங்காது என்பதே அவர்களுக்கு ஆதாயம். உண்மையில் பலன் பெறுபவர்கள் ஜிஎஸ்டி எண் இல்லாத தெருமுனை டெய்லர்களும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களும்தான். ஊசிக்கும் மெஷினுக்கும் 12 போய் 5 வந்ததில் அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கையில் நிற்கும். கில்ட் தைப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம்: உருப்படி ₹2500 வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 12 இருந்த இடத்தில் 18. கையால் தைத்த இரட்டைக் கட்டில் கில்ட்டை ₹2500க்குள் யார் கொடுக்க முடியும்?

இனி நூலுக்கு வருவோம். திருப்பூரில் தைத்த பிறகு சாயம் போடும் ஆர்டர் எடுப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ரியாக்டிவ் சாயம் பருத்தியைத்தான் பிடிக்கும். வெள்ளைப் பாலியஸ்டரில் தைத்த சட்டையைச் சாயத்தொட்டியில் இறக்கினால், கருநீலத் துணியில் மேல் தையல் மட்டும் வெள்ளை வெளேரென்று நிற்கும். அந்த வேலைக்குப் பருத்தி நூல்தான், அல்லது பருத்தி சுற்றிய கோர்ஸ்பன். வரி எவ்வளவு குறைந்தாலும் இது மாறாது.

கில்ட்டுக்கும் அப்படியே. கேம்பிரிக், வாயில் போன்ற மெல்லிய பருத்தியில் ஒட்டு வைக்கும்போது 50/2 பருத்தி நூலும் 11ஆம் நம்பர் ஊசியும் போட்டால் தையல் மடிப்பு தடிக்காமல் படியும். பஞ்சோடு சேர்த்து மேல் தையல் போட 50/3, ஊசி 14. கையால் கில்ட் தைப்பதற்கென்று மெருகு ஏற்றி வரும் பருத்தி நூலை மெஷினில் ஏற்றாதீர்கள். மெருகு உரிந்து டென்ஷன் தட்டுகளில் அப்பிக்கொள்ளும். துவைத்துத் துவைத்து இழுபடும் பொருளில் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். விட்டுக்கொடுப்பது நூலாக இருந்தால் திரும்பத் தைக்கலாம், துணியாக இருந்தால் ஒட்டுத்தான் போட வேண்டும். அதனால் பழைய துணியில் கில்ட் தைப்பவர்கள் துணியைவிட வலுவான நூலைத் தேடிப் போவதில் அர்த்தமில்லை.

பருத்திக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். பின்னலாடையில் பருத்தி நூலைப் போட்டால் கழுத்துக்குள் தலை நுழையும்போதே தையல் படார் என்று விடும். பருத்தி நூல் நீளும் அளவு சொற்பம். அங்கே ஓவர்லாக் லூப்பருக்கு டெக்ஸ்சரைஸ்டு பாலியஸ்டர் போடுவதே சரி. பள்ளிச் சீருடை, பை, வெயிலில் கிடக்கும் பந்தல் துணி எல்லாமே பாலியஸ்டரின் இடம். பந்தலுக்கு நைலான் கூட வேண்டாம், வெயில் அதை அரித்துவிடும். இதெல்லாம் நம் வாசகர்களுக்குத் தெரியாத பாடம் இல்லை. தெரிந்தவர்களே தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அது இதழின் பழைய புண்.

கடையில் '40' என்று அச்சிட்ட நான்கு கோன்களை வாங்கி மேசையில் வரிசையாக வையுங்கள். ஒன்று 40/2 ஸ்பன்; பருத்திக் கணக்கில் 40ஆம் நம்பர் இழை இரண்டு முறுக்கியது, டெக்ஸ் 29.5. அடுத்தது எம்பிராய்டரி 40. 120 டெனியர் இழை இரண்டு, டெக்ஸ் ஏறக்குறைய 27. மூன்றாவது டெக்ஸ் 40 என்றே போட்டது. நான்காவது டிக்கெட் 40. செயற்கை நூலின் டிக்கெட் கணக்கில் 3000ஐ 40ஆல் வகுத்தால் டெக்ஸ் 75. முதல் இரண்டுக்கும் 11 அல்லது 12 ஊசி போதும், மூன்றாவதுக்கு 14, நான்காவதுக்கு 18. '40 நம்பர் நூல் ஒன்று கொடுங்கள்' என்று கேட்டு வருபவருக்குக் கடைக்காரர் இந்த நான்கில் எதை எடுத்துக் கொடுத்தாலும் அவர் சொன்னது பொய்யில்லை. 1000 மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதுதான் டெக்ஸ். அந்த ஒரு எண்ணைக் கோனில் அச்சிட்டால் இவ்வளவு குழப்பத்துக்கும் வேலையில்லை. நல்ல கம்பெனிகள் அச்சிடுகின்றன. கடைத்தெருவில் விற்கும் கோன்களில் பெரும்பாலானவற்றில் கம்பெனிப் பெயரும் ஷேட் நம்பரும் இருக்கும். எந்த இழை, எத்தனை டெக்ஸ் என்பது இருக்காது. சிலவற்றில் நீளமும் இருக்காது.

இந்த நிலையில், கோனில் உள்ளது பருத்தியா பாலியஸ்டரா என்பதை எழுத்தில் சொல்லிக்கொண்டிருந்த ஒரே காகிதம் ஜிஎஸ்டி பில். ஹெச்எஸ்என் குறியீட்டின் நான்கே இலக்கத்தில் விஷயம் இருந்தது: 5204 என்றால் பருத்தி, 5508 என்றால் ஸ்பன், 5401 என்றால் ஃபிலமென்ட். ஒன்றுக்கு 5, மற்றவற்றுக்கு 12 என்று இருந்தவரை குறியீட்டை மாற்றி எழுதுவது வரி ஏய்ப்பு. அதற்கு நோட்டீஸ் வரும், அபராதம் வரும். 12ஐத் தவிர்க்கப் பாலியஸ்டரைப் பருத்தி என்று எழுதியவர்களும் இருந்திருப்பார்கள்; இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொய்க்கு ஒரு விலை இருந்தது. இப்போது உண்மைக்கும் பொய்க்கும் ஒரே வரி. 5508ஐ 5204 என்று எழுதினாலும் அரசுக்கு ஒரு காசு நஷ்டமில்லை, ஆகவே எந்த அதிகாரியும் அதைப் புரட்டிப் பார்க்கப் போவதில்லை. வரியைக் குறைத்தவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, நூல் வாங்குபவருக்கு இருந்த கடைசிச் சாட்சியையும் விடுவித்துவிட்டார்கள்.

வரி மன்றத்துக்கு இது சின்ன விஷயம் என்பது புரிகிறது. ஆனால் சின்ன விஷயம் என்று எல்லா அலுவலகமும் சொன்னால் யாரிடம் போவது? சட்டமுறை எடையளவுத் துறையின் 2011 பொட்டலப் பொருள் விதிகள் நிகர அளவை எழுதச் சொல்கின்றன. ஆனால் தொழிற்சாலைக்கென்று போகும் பொட்டலங்களை அதே விதிகள் விலக்கி வைத்திருக்கின்றன. அந்தக் கோன்களே பிறகு பிரிந்து சில்லறைக் கடைக்கு வருவது ஊர் அறிந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்திடம் பருத்தித் தையல் நூலுக்கு ஐ.எஸ். 1720, ஸ்பன் பாலியஸ்டருக்கு ஐ.எஸ். 9543 என்று தரக்குறிப்புகள் இருக்கின்றன. உங்கள் ஊர் நூல்கடையில் போய் இந்த எண்களைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், ஷேட் நம்பரா என்று திருப்பிக் கேட்பார்கள். தரம் புத்தகத்தில் இருக்கிறது, கோனில் இல்லை.

இதைப் பற்றி இந்த இதழ் எழுதிய மனுக்களுக்கு ஓர் அலுவலகம் 'வேறு துறை சம்பந்தப்பட்டது' என்றது. அந்த வேறு துறை 'பரிசீலனையில் உள்ளது' என்றது. பரிசீலனை முடிந்ததாகத் தகவல் இல்லை. ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் உப்பு எவ்வளவு என்பது வரை எழுத வைக்கத் தெரிந்த அரசுக்கு, கோடிக்கணக்கான உடுப்புகளைப் பிடித்து நிறுத்தும் நூலின் பெயரை எழுத வைக்கத் தெரியவில்லையா? தையல் கூலியில் ஐந்து ரூபாய் ஏற்றிக் கேட்டால் விலைவாசி என்பார்கள். தையல் விட்டுப்போனால் 'டெய்லர் சரியில்லை' என்பார்கள். நூல் என்னவென்று தெரியாமல் தைத்தவர்மீது பழி, சொல்லாமல் விற்றவர்மீது ஒன்றும் இல்லை. இந்த அநியாயத்தைத் திருத்த மன்றம் கூட வேண்டியதில்லை, ஒரு அறிவிக்கை போதும்: கோனில் இழை, டெக்ஸ், நீளம்.

அறிவிக்கை வரும்வரை சும்மா இருக்க முடியாது. வாங்கும் கோனில் ஒரு முழ நூலைப் பிரித்து, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுத்த மணியாக இறுகும். பருத்தி சுற்றிய கோர்ஸ்பன்னில் இரண்டும் தெரியும். தடிமன் அறிய, அரை மீட்டர் நீளமுள்ள அட்டை ஒன்றில் இழுக்காமல் நூறு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு சுற்று ஒரு மீட்டர். அந்த நூறு மீட்டரை நகைக்கடைத் தராசில் போட்டு, வரும் கிராமைப் பத்தால் பெருக்கினால் டெக்ஸ். 40/2 என்று சொன்னது 2.95 கிராமை ஒட்டி நிற்க வேண்டும். இரண்டரைக்குக் கீழே போனால் அது வேறு நூல். நீளத்துக்கும் இதே வழிதான்: 5000 மீட்டர் 40/2 கோனில் காலிக் கோனின் எடையைக் கழித்து ஏறக்குறைய 147 கிராம் இருக்க வேண்டும். 120 இருந்தால் ஆயிரம் மீட்டருக்கு நெருக்கமாக உங்களிடமிருந்து போயிருக்கிறது. அதன் விலை, வரிக்குறைப்பில் வந்த 7 ரூபாயைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

பில் வாங்குங்கள். வாங்கும்போது ஹெச்எஸ்என் நான்கு இலக்கமும் சரியாக எழுதச் சொல்லுங்கள். எல்லாமே 5தானே என்பார்கள். வரி 5தான், நூல் எது என்று கேளுங்கள்.

நம் பங்குக்கு ஒரு முடிவு. இந்த இதழுக்கு வருமானம் தருவதில் நூல் விளம்பரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்த இதழ் முதல், விளம்பரப்படுத்தும் நூலின் இழையையும் டெக்ஸையும் கோனின் நீளத்தையும் விளம்பரத்துக்குள்ளேயே அச்சிடாத எந்த நிறுவனத்தின் பக்கத்தையும் ஏற்கமாட்டோம். சில பக்கங்கள் குறையும். குறையட்டும்.