பழசு அலமாரிக்கு, புதுசு குழந்தைக்கு!

பொம்மைக் கார் வாங்கிச் சேர்க்கிற ஆண்களைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது. "முப்பத்தைந்து வயசாச்சு, இன்னும் கார் பொம்மையா?" என்று கேட்டும் விடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள் சகோதரிகளே! நம் வீட்டுப் பரண் மேல் இருக்கிற பெட்டியில் என்ன இருக்கிறது? பழைய வேட்டித் துணியில் சுற்றிய தசாவதார செட், செட்டியார் பொம்மை, பாட்டி கொடுத்த மரப்பாச்சி ஜோடி. வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் படியில் வைக்கிறோம், அழகு பார்க்கிறோம், மறுபடி சுற்றி உள்ளே வைக்கிறோம். குழந்தை தொட்டால், "ஐயோ, உடைஞ்சுடும்" என்று ஓடி வருகிறோம். ஆகவே பொம்மை சேர்ப்பதில் நாம் ஒன்றும் அவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை.

ஆனால் இந்தக் கார் விஷயத்தில் ஒரு முக்கியமான சமாசாரம் இருக்கிறது. கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்மார்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், 'டைகாஸ்ட்' கார் என்றால் என்ன? துத்தநாகத்தோடு கொஞ்சம் அலுமினியம் முதலான உலோகங்களைக் கலந்து உருக்கி, எஃகு அச்சுக்குள் பலமாக அழுத்திச் செலுத்தி வார்க்கிற பொம்மை. கையில் எடுத்தால் ஜில்லென்று, கனமாக இருக்கும். பிளாஸ்டிக் பொம்மையிலிருந்து இதை எடைபோட்டே கண்டுபிடித்துவிடலாம். இப்போது இதில் 'ரெட்ரோ' என்று ஒரு மோகம். அந்தக் காலத்து வண்டியை இந்தக் காலத்தில் வார்த்து, அந்தக் காலத்துப் படம் போட்ட அட்டையில் ஒட்டி விற்கிறார்கள். பழசு மாதிரி இருக்கும், ஆனால் புதுசு. நிஜமாகவே பழைய பொம்மைகளும் சந்தைகளில், ஆன்லைனில் கிடைக்கின்றன. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு முக்கியம்.

இந்தச் சின்னக் கார்கள் பிறந்த கதை சுவாரசியமானது. லண்டனில் 1947-ல் லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்று இரண்டு நண்பர்கள். பெயர்தான் ஒன்று, உறவு கிடையாது. இருவர் பெயரிலும் பாதிப் பாதி எடுத்து 'லெஸ்னி' என்று ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பித்தார்கள். பழைய மதுக்கடைக் கட்டிடம் ஒன்றுதான் முதல் தொழிற்சாலை. பிறகு ஜாக் ஓடெல் என்ற கெட்டிக்கார வார்ப்புக்காரர் சேர்ந்துகொண்டார். 1953-ல் எலிசபெத் ராணிக்கு முடிசூட்டு விழா நடந்ததல்லவா? அந்த ராஜ ரதத்தைச் சின்ன பொம்மையாகச் செய்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றார்கள்.

ஓடெலின் மகள் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு சட்டம். தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையைத்தான் குழந்தைகள் கொண்டுவரலாம். அப்பா என்ன செய்தார் தெரியுமா? சாலை போடுகிற ரோலர் வண்டியைப் பித்தளையில் குட்டியாகச் செய்து, தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். வகுப்பில் எல்லாக் குழந்தைகளுக்கும் அதே மாதிரி வேண்டுமாம்! 1953-ல் 'மேட்ச்பாக்ஸ்', அதாவது தீப்பெட்டி, என்ற பெயரிலேயே வண்டிகள் வந்துவிட்டன. கார் பொம்மை பையன்களுக்குத்தான் என்று யார் சொன்னது? தீப்பெட்டிக் கார் பிறந்ததே ஒரு பெண் குழந்தைக்காக.

அதே கம்பெனி மூன்று வருஷம் கழித்து, 1956-ல், இன்னொரு வரிசை கொண்டுவந்தது. பெயர் 'மாடல்ஸ் ஆஃப் யெஸ்டர்இயர்'. 1911-ம் வருஷத்து லண்டன் பஸ், 1907-ம் வருஷத்து டிராம், 1929-ம் வருஷத்துப் பந்தய பென்ட்லி என்று எல்லாம் தாத்தா காலத்து வண்டிகள். இன்றைய ரெட்ரோ மோகத்துக்கு இதை மூத்த அண்ணன் என்றே சொல்லலாம். பெரியவர்கள் இவற்றை வாங்கி அலமாரியில் அடுக்கினார்கள். ஆக, ஒரே கம்பெனியில் குழந்தை பாக்கெட்டுக்கு ஒன்று, பெரியவர் அலமாரிக்கு ஒன்று என்று இரண்டு வகை. இந்தப் பாகுபாட்டை நாம் வீட்டில் மறந்துவிடுகிறோம்; வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

போன மாதம் என் நாத்தனார் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுக்குக் கார் சேர்க்கிற பைத்தியம். ஹால் சுவரில் வரிசையாகப் புதுக் கார்கள், பிரிக்காத அட்டையோடு தொங்குகின்றன. கீழே பாயில் பதினோரு மாதக் குழந்தை. பல் முளைக்கிற நேரம், எது கிடைத்தாலும் வாய்க்குத்தான். அப்போது வாயில் இருந்தது பெயின்ட் உரிந்த ஒரு பழைய குட்டி லாரி! வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அடியில் 'மேட் இன் இங்கிலாந்து பை லெஸ்னி' என்று பொறித்திருந்தது.

"சந்தையில வாங்கினது அத்தை. பெயின்ட் போனதுக்கு விலை கிடைக்காது. ஆனா இரும்பு மாதிரி, உடையவே உடையாது. அதான் பாப்பாவுக்குக் கொடுத்தேன்" என்றான்.

அவன் மனைவி சமையலறையிலிருந்தே, "புதுசெல்லாம் சுவத்துல தொங்குது அத்தை. அதைத் தொடக் கூடாதாம். பழசு குழந்தைக்காம்!" என்றாள்.

பார்த்தீர்களா, எல்லாம் தலைகீழ்! அந்தக் காலத்தில் பெயின்ட்டில் ஈயம் கலப்பது சர்வ சாதாரணம். நிறம் பளிச்சென்று இருக்கும், சீக்கிரம் காயும் என்று சேர்த்தார்கள். பெயின்ட் உரிய உரிய அந்தத் தூளும் சில்லும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும். ஈயத்துக்குப் 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்று கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகிற ஈயத்தைப் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகள் நாலைந்து மடங்கு அதிகமாக உடம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். அது வளரும் மூளையைப் பாதிக்கிறது; படிப்பு, கவனம், நடத்தை எல்லாவற்றையும் தொடுகிறது. வெளியே ஒரு அறிகுறியும் தெரியாமலே இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

அன்றைக்கே குழந்தை நல மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லச் சொன்னேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பயப்படும்படி எதுவும் இல்லை என்றதும்தான் எங்கள் எல்லோருக்கும் மூச்சு வந்தது. உங்கள் வீட்டிலும் குழந்தை இப்படிப் பழைய பெயின்ட் பொம்மையைக் கடித்துப் பழகியிருந்தால், கை வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தை ஈயத்தை இன்னும் அதிகமாக ஏற்றுக்கொள்ளும். ஆகவே கேழ்வரகு, கீரை, பால் எல்லாம் தவறாமல் கொடுங்கள். ஆனால் அது துணைதான், மருந்து ஆகாது.

"புதுசு என்றால் பயமே இல்லையா?" என்று கேட்பீர்கள். அப்படியும் சொல்ல முடியாது. 2007-ல் மாட்டெல் போன்ற பெரிய கம்பெனியே, பெயின்ட்டில் ஈயம் இருந்ததால் 'சார்ஜ்' என்ற டைகாஸ்ட் வண்டியைத் திரும்பப் பெற்றது. அதற்குப் பிறகு பல நாடுகளில் சட்டம் இறுகியது. நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல், பதினாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் ஆகிவிட்டது. வாங்கும்போது அட்டையில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரோட்டோரத்தில் பெயர் ஊர் இல்லாமல் விற்கிற மலிவுக் கார்கள் வேண்டாம்.

இன்னொன்று: வயது. மூன்று வயது முடியாத குழந்தைக்குப் பழசும் வேண்டாம், புதுசும் வேண்டாம். கார் தொண்டைக்குள் போகாது. ஆனால் கழன்ற சக்கரம் போகுமே! சுமார் 3 செ.மீ. அகலமுள்ள குழாய்க்குள் நுழைகிற எந்தச் சாமானும் சின்னக் குழந்தைக்கு ஆபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் போடுகிற, விளக்கு எரிகிற கார் என்றால் உள்ளே பட்டன் பாட்டரி இருக்கும். அதன் மூடி ஸ்குரூ போட்டு இறுகியிருக்க வேண்டும். குழந்தை பாட்டரியை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சரி, எது பழசு, எது புதுசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டியைத் திருப்பி அடித்தகட்டைப் படியுங்கள். 'லெஸ்னி, இங்கிலாந்து' என்று இருந்தால் பெரும்பாலும் 1982-க்கு முந்தியது. அந்த வருஷம்தான் கம்பெனி நொடித்துப்போய்ப் பெயர் கை மாறியது. (1997 முதல் மேட்ச்பாக்ஸும் மாட்டெல் கையில்தான்.) 'ஹாட் வீல்ஸ்' காரில் 1969 என்று போட்டிருந்தால் உடனே பழசு என்று முடிவு கட்டாதீர்கள். அது அந்த வடிவத்துக்கு உரிமை பெற்ற வருஷம். வண்டி போன வருஷம் செய்ததாகவும் இருக்கலாம். இதைச் சொல்லாமல் 'ஆன்டிக்' என்று பேசி, நாலு மடங்கு விலை வைக்கிறவர்கள் உண்டு. ஜாக்கிரதை!

இனி நான் அவர்கள் வீட்டில் செய்து கொடுத்த ஏற்பாடு. பழைய கார்கள் எல்லாம் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியின் மேல் தட்டுக்குப் போயின. சுவரில் தொங்கிய புதுசில் ஆறு, குழந்தை வளர்ந்ததும் விளையாட என்று தனி டப்பாவுக்குள் போயின. "அட்டையைப் பிரிச்சா விலை போயிடும் அத்தை" என்று அவன் முனகினான். "விக்கவா போறே? அப்புறம் என்ன விலை?" என்றேன். பேசாமல் இருந்துவிட்டான். இனிமேல் தனக்கு ஒன்று வாங்கினால், குழந்தை டப்பாவிலும் ஒன்று சேர வேண்டும் என்று அவன் மனைவி சட்டம் போட்டுவிட்டாள்.

அலமாரிக் கார்களைப் பராமரிப்பதும் கடைசியில் நம் தலையில்தானே விழுகிறது? சில குறிப்புகள்:

பித்தளைப் பாத்திரம் மாதிரி புளி, சாம்பல் போட்டுத் தேய்க்காதீர்கள். தண்ணீரில் ஊற வைத்தால் அச்சுக்கம்பி துருப்பிடிக்கும். மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். பெயின்ட் உரிந்த வண்டியை மட்டும் உலர்ந்த பிரஷ்ஷால் தட்ட வேண்டாம், தூள் பறக்கும்; ஈரத் துணியால் ஒற்றி உடனே துடைத்துவிடுங்கள். பிறகு கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தத் துணியைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

வெயில் நேராகப் பட்டால் நிறம் மங்கும். ஈரச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ரொம்பப் பழைய வண்டிகளில், வார்ப்பு உலோகத்தில் அசுத்தம் கலந்திருந்தால், உள்ளிருந்தே விரிசல் விட்டுப் பொடிந்துபோகும். ஈரம் இருந்தால் அது இன்னும் வேகமாக நடக்கும். விரிசல் கண்ட வண்டியைச் சரிசெய்ய வழியில்லை. விலைபேசும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும்.

அட்டைப் பெட்டியில் பூச்சி வரும் என்று பாச்சா உருண்டை போடுகிறோமே, குழந்தைக்கு எட்டுகிற இடத்தில் அது கூடவே கூடாது. மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளும்.

செலவுக்கு ஒரு வார்த்தை. சாதாரண அட்டைக் கார் இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. "இருநூறுதானே" என்று வாரம் நாலு வாங்கினால் மளிகைக் கணக்கில் இடிக்கும். 1995-லிருந்து 'ட்ரெஷர் ஹன்ட்' என்று சில கார்களைக் குறைவாகச் செய்து மற்றவற்றோடு கலந்து அனுப்புகிறார்கள். அதைத் தேடிக் கடை கடையாக அலைகிறவர்கள் உண்டு. மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்கி, பால் கணக்கு நோட்டிலேயே இதையும் எழுதச் சொல்லுங்கள். எழுதினால் தானே கை குறையும்.

ஆறேழு வயதுக் குழந்தைக்கு இது நல்ல பொழுதுபோக்கும்கூட. எந்த ஊர் வண்டி, எந்த வருஷம் என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கொலுவில் பார்க் கட்டி, ரோடு போட்டு, அந்தக் கார்களை ஓட விடட்டும். உலோகக் கார் கிடைக்காவிட்டாலும் பிளாஸ்டிக்கில் அழகான அம்பாஸடர் கார் பொம்மை வருகிறது. நிஜ அம்பாஸடர் 2014-ல் நின்றுபோன கதையைத் தாத்தா சொல்லட்டுமே!

இன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். குழந்தையின் பொம்மைக் கூடையைக் கவிழ்த்து, ஒவ்வொரு காரையும் திருப்பிப் பாருங்கள். பெயின்ட் உரிந்தது, சக்கரம் ஆடுவது, எங்கிருந்து வந்தது என்றே தெரியாதது, இந்த மூன்றையும் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். பத்து நிமிஷ வேலைதான்.